சட்டைப் பைக்குள் அடங்கும் இரும்பு

என் தங்கை புருஷனுடைய பாதம் அடிக்கடி திரும்பிக்கொள்கிறது என்பதற்காகத்தான் நான் முதன்முதலாகக் கடல் தாண்டினேன். அவருக்கு இடது முழங்காலுக்குக் கீழே இருப்பது செயற்கைக் கால். அதன் பாதத்தை ஒரே ஒரு போல்ட் பிடித்துக்கொண்டிருக்கிறது. குதிகாலின் அடியில் ஒரு துளை. துளையின் ஆழத்தில் ஆறுமூலைக் குழி வைத்த போல்ட் தலை. நடக்க நடக்க அது தளரும். தளர்ந்தால் ஆள் வாசலைப் பார்ப்பார், பாதம் கொல்லையைப் பார்க்கும். ஆலன் கீ என்று நாங்கள் கடையில் விற்கிற, முனை வளைந்த சின்னச் சாவி ஒன்று இருந்தால் அரை நிமிடத்தில் இறுக்கிவிடலாம்.

அந்தச் சாவி அவரிடம் இருந்தது. மட்டக்களப்பு வாவி என்கிற கடற்கழியைக் கடக்கும் துறையில் இராணுவத்தார் பிடுங்கிக்கொண்டார்கள். துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டுகிற சாவி என்று சந்தேகப்பட்டு ஒரு பகல் முழுக்க அவரை வெயிலில் உட்கார வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் சாவி இல்லாமலே போய்வந்தார். ஒரு நாள் வயலுக்கு நடுவில் பாதம் சுழன்றுவிட்டது. அன்றைக்குப் பார்த்து ஷெல் அடி. எல்லாரும் ஓடினார்கள். இவர் வரப்பில் குப்புறப் படுத்துக்கொண்டு கைகளால் ஊர்ந்து வந்திருக்கிறார்.

இதை என் தங்கை கோதை தொலைபேசியில் சொன்னபோது அழவில்லை. "அண்ணே, சட்டப் பைக்குள்ள அடங்குற மாதிரி, பாத்தா யாரும் சந்தேகப்படாத மாதிரி ஒரு சாமான் கொண்டு வா. நீ இரும்புக் கடைதானே வெச்சிருக்க?" என்றாள். அந்தக் கடைசிக் கேள்வியில் ஒரு குத்தல் இருந்தது. மதுரையில் முப்பது வருடமாக இரும்புக் கடை வைத்திருக்கிறவனுக்குத் தங்கை புருஷனின் காலை நிறுத்த ஒரு துண்டு இரும்பு கிடைக்கவில்லை என்றால், கடையை இழுத்துப் பூட்டிவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

நான் வெறுங்கையோடு வெளியே போகாத ஆள். வெறுங்கை முழம் போடுமா? என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். சிவப்புக் கைப்பிடி, கத்தி, கத்தரி, திருப்புளி, டின் திறக்கிற கொக்கி. கல்யாண வீட்டில் சோடா மூடி முதல் கோயில் உண்டியல் பூட்டு வரை அதற்கு வேலை கொடுத்திருக்கிறேன். "சட்டைப் பையா, பட்டறையா?" என்று என் மனைவி கேட்பாள். மாப்பிள்ளைக்கு நான் தேர்ந்தெடுத்தது அதைவிடப் பெரிய சங்கதி. சென்னை பர்மா பஜாரில் ஆள் விட்டு வாங்கிய மடக்குக் குறடு. விரித்தால் குறடு, மடக்கினால் தீப்பெட்டி. உள்ளே அரம், ரம்பம், கம்பி வெட்டி, ஆறுமூலை முனைகள். அது போதாதென்று, பேனாக்கத்தி மாதிரி மடங்கும் ஆலன் கீ செட் ஒன்றும். ஒன்று தவறினால் ஒன்று. இரும்புக் கடைக்காரன் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பதை அதுவரை நான் பழமொழியாகத்தான் கேட்டிருந்தேன். கொழும்பில் இறங்கியது முதல் அது நிஜமாகிவிட்டது. கத்தியைக் காலுறைக்குள் சுருட்டினேன். ஆலன் கீ செட்டைச் சவரப் பெட்டியில் சோப்புக்கு அடியில் வைத்தேன். குறட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

மட்டக்களப்புக்குப் போகிற பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் காத்தான்குடித் துணி வியாபாரி. அறுபது வயதிருக்கும். தொப்பி, வெள்ளைச் சட்டை, மடியில் பனையோலைப் பெட்டி. எங்கள் ஊர் வழக்கப்படி "பாய்" என்று கூப்பிட்டேன். அவர் சிரித்தார்.

"இஞ்ச நானா எண்டு சொல்லுங்க தம்பி. இந்தியாவா? இந்த நேரத்தில என்னத்துக்கு இந்தப் பக்கம் வாறீங்க?"

தங்கையைப் பார்க்க என்றேன். மற்றதைச் சொல்லவில்லை. அவர் ஓலைப் பெட்டியைத் திறந்து, பாக்குவெட்டியை எடுத்து, பாக்கைச் சீவி எனக்கும் ஒரு வாய் வெற்றிலை கொடுத்தார். எங்கள் சோழவந்தான் வெற்றிலை நாக்கில் கரையும். இது காரமாக இருந்தது. காதுமடல் சூடாகி, கொஞ்ச நேரத்துக்குப் பயம் தெரியவில்லை.

பொலன்னறுவை தாண்டியதும் பஸ் கதவைப் பிடித்திருந்த கம்பி அறுந்துபோனது. கதவு ஒவ்வொரு பள்ளத்துக்கும் டமார் டமார் என்று அடித்தது. நடத்துனர் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் டிக்கெட் கொடுத்துக்கொண்டு, வாயால் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். என் கை துறுதுறுத்தது. சும்மா இருந்திருக்கலாம். குறட்டை நீட்டினேன். அவர் கம்பியை முறுக்கிக் கட்டினார், குறட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மெச்சினார், அடுத்த பள்ளத்துக்கும் வேண்டும் என்று இடுப்பில் செருகிக்கொண்டார்.

அடுத்து வந்தது பள்ளமில்லை, சோதனைச் சாவடி.

எல்லாரும் இறங்கி மூட்டையோடு வரிசையில் நடக்க வேண்டும். எங்கள் ஊரில் ரேஷன் கடை வரிசையில்கூட இப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை. சிப்பாய் ஒருவன் நடத்துனரின் இடுப்பில் குறட்டைப் பார்த்தான். நடத்துனர் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். குறட்டை விரித்தார்கள். ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அரம், ரம்பம், கம்பி வெட்டி. கடையில் இதையெல்லாம் விரித்துக் காட்டும்போது வாங்க வருகிறவன் கண் விரியும். இங்கேயும் விரிந்தது. ஓர் அதிகாரி வந்து சிங்களத்தில் ஏதோ கேட்டார்.

"இவ்வளவும் ஒரு மனிசனுக்கு என்னத்துக்கு எண்டு கேக்கிறாரு," என்றார் நானா.

"கடையில விக்கிறேன்னு சொல்லுங்க நானா."

சொன்னார். என் பையைக் கொட்டினார்கள். காலுறைக்குள்ளிருந்து சிவப்புக் கத்தி விழுந்தது. அதிகாரி அதைக் குனிந்து எடுத்து, மெதுவாக ஒரு வாக்கியம் சொன்னார். நானா மொழிபெயர்க்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"விக்கிற சாமான ஏன் காலுறைக்குள்ள வெச்சாய் எண்டு கேக்கிறாரு."

பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். பஸ் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அந்த ஹாரன் சத்தத்தைவிடப் பயங்கரமான சத்தம் எதையும் அதுவரை நான் கேட்டதில்லை. பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விடும், இந்த முட்கம்பிக்கு நடுவில் நான் மட்டும் நிற்பேன் என்று தோன்றியது. கோதைக்குக் கால் கொண்டுவருகிறேன் என்று வந்தவன், கோதைக்கு இன்னொரு தலைவலியாகப் போகிறேன்.

நானா போகவில்லை. சிப்பாய் அவருடைய ஓலைப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தான். கிளறியவன், பாக்குவெட்டியை எடுத்து, தானே ஒரு பாக்கைச் சீவி, வெற்றிலையில் வைத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டு பெட்டியை மூடிக் கொடுத்தான். அந்தப் பாக்குவெட்டியின் அலகு என் கத்தியைவிடப் பெரியது. அதை யாரும் ஒரு பொருளாகப் பார்க்கவில்லை. நானும் அப்போது பார்க்கவில்லை. எனக்குப் பாஸ்போர்ட் மட்டும்தான் ஞாபகம்.

பாஸ்போர்ட் திரும்பி வந்தது. குறடும் கத்தியும் வரவில்லை. சவரப் பெட்டியை முகர்ந்து பார்த்து மூடிவிட்டார்கள்.

பஸ் கிளம்பியதும் நானா சொன்னார்: "தம்பி, இந்தப் பாதையில ஒளிச்சி வெச்சாத்தான் கள்ளச் சாமான். மேல வெச்சா அது வீட்டுச் சாமான்." ஓட்டமாவடியில் இறக்கி, பரோட்டாவும், பிளேன்டீ என்கிற பால் விடாத தேநீரும் வாங்கிக் கொடுத்தார். காசை நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டார்.

கோதையின் வீடு காத்தான்குடிக்கு அடுத்த ஆரையம்பதியில். மதுரையில் விவசாயம் படிக்க வந்து, எங்கள் கடைக்கு மாடியில் வாடகைக்கு இருந்த குணரெத்தினம் என்கிற குணத்தை அவள் கட்டிக்கொண்டு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. அவள் பேச்சில் பாதி மதுரை போய்விட்டது. பல் முழுக்கக் காவி. எங்கள் வீட்டில் வெற்றிலை வாசனையே ஆகாது என்று மூக்கைப் பொத்தியவள், இப்போது வட்டா என்கிற பித்தளைத் தட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் சமைக்கிறாள். கேட்டால், "நெஞ்சு படபடக்கிற நேரத்தில வாய்க்கு ஒரு வேல வேணும்" என்கிறாள்.

குணம் மாப்பிள்ளைக்கு வயல் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். அவர் வெறும் விவசாயி அல்ல, வட்டைவிதானை. வட்டை என்றால் ஒரு வாய்க்காலில் நீர் குடிக்கிற வயல்வெளி. அதில் யாருக்கு எப்போது தண்ணீர் என்று நின்று தீர்க்கிறவர் வட்டைவிதானை. அவர் போய் நிற்காவிட்டால் மண்வெட்டிச் சண்டை. இந்தக் கரை இராணுவத்திடம், அந்தக் கரை போராளி இயக்கத்திடம். வாய்க்கால் தண்ணீருக்கு அது தெரியாது. அதனால் இவர் போய்த்தான் ஆக வேண்டும்.

கால் போனது யுத்தத்தில் அல்ல. அதற்கு முன்பே நெல் ஆலையின் பெல்ட் இழுத்துப் போனது. ஆனால் அந்த ஊரில் கால் இல்லாத ஆண் என்றால், எந்தச் சண்டையில் போனது என்பதுதான் முதல் கேள்வி. ஒவ்வொரு சாவடியிலும் வேட்டியைத் தூக்கிக் காட்டி ஆலைக் கதையை முதலிலிருந்து சொல்கிறார். "ஆலைக்காரனுக்குக்கூட இவ்வளவு தரம் சொன்னதில்ல மச்சான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாவி இறாலும் பிட்டும், மண்சட்டியில் எருமைத் தயிரும் சாப்பிட்டுவிட்டு, சவரப் பெட்டியிலிருந்து ஆலன் கீ செட்டை எடுத்து வெற்றிவீரனைப் போல நீட்டினேன். எட்டுச் சாவிகளும் விசிறியாக விரிந்தன. மாப்பிள்ளை அதை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார்.

"நல்ல சாமான் மச்சான். ஆனா இதில எட்டுக் கிடக்கு. ஒண்டுக்கே ஒரு பகல் இருத்தினவனுகள். எட்டுக்கு எத்தின பகல்?"

கோதை அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அதில் ஒரு சாவியால் போல்ட்டை இறுக்கிவிட்டேன். பாதம் நேராக நின்றது. "வீட்டுக்குள்ள நேராத்தான் நிக்கும். கழருறது வட்டைக்குள்ள" என்றார் அவர். நாளை கழித்து மறுநாள் அவர் போக வேண்டும். வாய்க்கால் திறக்கிறார்கள்.

மறுநாள் காலை கோதையோடு மண்முனைத்துறைக்குப் போனேன். தோணிகளை இணைத்து மேலே பலகை அடித்த மிதவையில் மனிதரும் சைக்கிளும் மாடும் ஒன்றாகக் கடக்கிறார்கள். அதைப் பாதை என்கிறார்கள். பாதைக்கு முன்னால் சாவடி. எங்கள் ஊரில் வைகையில் தண்ணீர் வந்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். இங்கே கடல் மாதிரி தண்ணீர், ஒருவரும் அதைப் பார்ப்பதில்லை. எல்லார் கண்ணும் சிப்பாயின் கையில்.

நானும் அந்தக் கையைத்தான் பார்த்தேன். எது போகிறது, எது நிற்கிறது? பேட்டரி நின்றது. சைக்கிள் ஸ்பேனர் நின்றது. ஒருவருடைய பேனாவைக் கழற்றி உள்ளே பார்த்தார்கள். குடை போனது. சோற்றுப் பொட்டலம் போனது. கிழவர் ஒருவர் மடியை அவிழ்த்து வெற்றிலை, பாக்கு, பாக்குவெட்டி மூன்றையும் மேசையில் வைத்தார். சிப்பாய் வெற்றிலையில் ஒன்றை உருவிக்கொண்டு போகச் சொன்னான்.

எனக்கு நானாவின் ஓலைப் பெட்டி ஞாபகம் வந்தது. வேகமாக வீட்டுக்கு நடந்தேன். வட்டாவில் கோதையின் பாக்குவெட்டி கிடந்தது. காலையில் அவசரத்தில் மூடாமல் போட்டது, ஒரு பிடி மேலும் மற்றது பக்கவாட்டிலுமாக விரிந்து கிடந்தது. முப்பது வருடமாக ஆலன் கீ விற்கிறேன். அதன் வடிவம் எனக்குத் தெரியாதா? ஒரு பிடியின் முனையை அரத்தால் ஆறுமூலையாக ராவினால் அது சாவி. பாதி விரித்தால் மற்றப் பிடி நெம்புகோல். வெற்றிலை போடுகிற நாட்டில், இரண்டு கரையிலும், யாரும் சந்தேகப்படாத இரும்பு அது ஒன்றுதான்.

"என்ட பாக்குவெட்டியிலயா கை வெக்கப் போற?" என்று கோதை சண்டைக்கு வந்தாள். பித்தளையாக இருந்தால் முனை நசுங்கிவிடும், உன்னுடையது நல்ல இரும்பு என்றேன். சைக்கிள் கடையில் அரம் இரவல் வாங்கினேன். அரம் விற்றிருக்கிறேனே தவிர அரம் பிடித்தவன் இல்லை. உள்ளங்கை கொப்புளித்தது. என் செட்டில் இருந்த ஆறு மில்லிமீட்டர் சாவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு முகம் ராவுவதும் ஒப்பிடுவதுமாகப் பொழுது சாய்ந்தது. கூடுதலாக ராவினால் முனை துளைக்குள் சும்மா சுற்றும், வேறு பாக்குவெட்டிக்கு நேரமில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் குதிகாலின் துளைக்குள் விட்டு, மற்றப் பிடியைத் திருப்பினேன். போல்ட் பிடித்தது. மாப்பிள்ளை எழுந்து கூடத்தில் இரண்டு சுற்று நடந்தார். என் தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வியர்வை என்றாள்.

புது இரும்பின் பளபளப்பு காட்டிக்கொடுக்கும். முனையில் சுண்ணாம்பைக் கட்டியாகப் பூசினேன். கேட்டால் சுண்ணாம்பு தோண்டுகிற முனை என்று சொல்ல வேண்டும். எல்லாம் யோசித்துவிட்டேன் என்று நினைத்தேன். கோதைதான் புருஷனின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"பல்லக் காட்டுங்க."

காட்டினார். பாற்பல் போல வெள்ளை. அவர் வாழ்நாளில் வெற்றிலை தொட்டதில்லை. ஊரில் வெற்றிலை போடாத ஒரே வட்டைவிதானை என்று பேர் வேறு.

"பாக்குவெட்டியோட போற மனிசன்ட பல்லா இது?"

அன்று சாயங்காலம் நாற்பத்தைந்து வயதில் குணம் மாப்பிள்ளை வெற்றிலை பழகினார். முதல் வாயில் நாக்கு வெந்தது. இரண்டாவதில் கிறுகிறுத்து வியர்த்துப் பாயில் படுத்துவிட்டார். "செத்தாலும் பரவாயில்ல மச்சான், இதுமட்டும் ஏலா" என்று முனகினார். கோதை தண்ணீரும் சர்க்கரையும் கொடுத்து மூன்றாவதையும் போட வைத்தாள். பல் லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான். நான் அன்று தூங்கவில்லை. விளையாட்டாக ஆரம்பித்தது விளையாட்டில்லை என்று தெரிந்தது. சாவி அகப்பட்டால் சாவியோடு வந்த ஆள். பாக்குவெட்டிக்குள் மறைத்த சாவி அகப்பட்டால்? காலுறைக்குள் கத்தி வைத்தவன் நான்தானே. அதே புத்தியை இன்னும் நன்றாக ராவி அவர் மடியில் கட்டி அனுப்புகிறேன்.

காலையில் இதைச் சொன்னேன். வேண்டாம், வெறுங்கையோடே போங்கள் என்றேன். அவர் பாக்குவெட்டியை வெற்றிலையோடு மடியில் செருகிக்கொண்டே சொன்னார்:

"வெறுங்கையோட போய் ஊர்ந்து வந்தது நான். உங்களுக்குத் தெரியா மச்சான், சேத்துக்குள்ள ஊருறது எப்பிடி எண்டு."

துறையில் தடுப்புக்கு இந்தப் பக்கம் கோதையும் நானும் நின்றோம். மாப்பிள்ளையின் முறை வந்தது. வேட்டியைத் தூக்கினார், ஆலைக் கதையைச் சொன்னார். மடியை அவிழ்த்து எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். சிப்பாய் சின்னப் பையன், மீசைகூடச் சரியாக இல்லை. பாக்குவெட்டியை எடுத்தான். அலகைப் பார்க்கவில்லை. முனையைத்தான் பார்த்தான். கட்டைவிரலால் தடவினான். சுண்ணாம்பு உதிர்ந்தது. கோதை எனக்காக முணுமுணுத்தாள், அவளுக்குச் சிங்களம் தெரியும்.

"என்ன முனை இது எண்டு கேக்கிறான்... சுண்ணாம்புக்கு எண்டு சொல்லுறார்... ஐயோ, பல்லக் காட்டச் சொல்லுறான்."

மாப்பிள்ளை பல்லைக் காட்டினார். பையன் குனிந்து பார்த்தான். சிரித்தான், ஆனால் அந்தச் சிரிப்பு எந்தப் பக்கம் போகும் என்று தெரியவில்லை.

"புதுப் பழக்கமா எண்டு கேக்கிறான்."

மாப்பிள்ளை திரும்பி எங்கள் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். கோதை விறைத்துப்போனாள். "பெஞ்சாதி பழக்கினவ எண்டு சொல்லுறார்."

சிப்பாய் கோதையைப் பார்த்தான். ஒரு விநாடி. என் தங்கை வாய் நிறையச் சிரித்தாள். பதினெட்டு வருடக் காவி அத்தனையும் வெளியே தெரிந்தது. பையன் சத்தமாகச் சிரித்துவிட்டு, பாக்குவெட்டியால் தானே ஒரு பாக்கைச் சீவி, ஒரு வெற்றிலையில் மடித்து மாப்பிள்ளையிடம் நீட்டினான். போட்டுக்கொண்டு போ என்றிருக்கிறான். அவர் போட்டுக்கொண்டு போனார். பாதை நகர்ந்தபோது அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கிறுகிறுப்பை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

வீட்டுக்குத் திரும்பினோம். மத்தியானத்துக்குப் பிறகு மேற்கே சத்தம் கேட்டது. முதலில் இடி என்று நினைத்தேன். கோதை அடுப்பை அணைத்துவிட்டாள். அடுத்தடுத்துக் கேட்டது. வாவிக்கு மேலே கொக்குகள் கலைந்து இந்தக் கரைக்கு வந்தன. நாங்கள் துறைக்கு ஓடினோம். எங்களைப் போலவே ஊரில் பாதி அங்கே நின்றது.

ஒரு பாதை வந்தது. அவர் இல்லை. அடுத்தது வந்தது, அதிலும் இல்லை. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. இருட்டினால் துறையை மூடிவிடுவார்கள். கோதை என் கொப்புளித்த கையைப் பிடித்திருந்தாள். வலித்தது. விடச் சொல்லத் தோன்றவில்லை. ஆறுமூலையைச் சரியாக ராவினேனா, மூன்றாவது முகம் கொஞ்சம் சரிவாகப் போனதே, முனை வழுக்கியிருக்குமோ, வரப்பில் கிடக்கிறாரோ என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

கடைசிப் பாதையில் அவர் நின்றுகொண்டிருந்தார். சைக்கிள்களுக்கு நடுவில், கம்பியில் சாய்ந்து. வாயெல்லாம் சிவப்பு. தாடையிலிருந்து சட்டை வரை சிவப்பு வழிந்திருந்தது. கோதை ஐயோ என்று கத்திக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டாள். சாவடிக்காரன் அதட்டினான். நான் அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். என் கண்ணுக்கும் அது ரத்தம்தான்.

மாப்பிள்ளை கையை உயர்த்தி ஆட்டினார். பேச முடியவில்லை. குனிந்து வாவியில் துப்பிவிட்டுக் கத்தினார்:

"ரெத்தமில்ல புள்ள! வெத்தில! வெத்தில!"

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அழுத ஒரு பெண்ணும் சிரித்தாள். கோதை ஈரச் சேலையோடு நின்று அவரைத் திட்டினாள். துப்பத் தெரியாதா, சட்டை இனி உதவுமா, கறை போகுமா என்று, மூச்சு விடாமல்.

"நான் என்னண்டு செய்ய?" என்றார் அவர். "போகக்குள்ள இவன் போட வெச்சான். அங்கால இறங்கினா, இயக்கப் பொடியனுகளும் மடிய அவிழ்த்துப் பாத்திட்டு, 'அண்ணன் வெத்தில போடுறீங்களா, போடுங்க பாப்பம்' எண்டானுகள். மறுகா வரக்குள்ளயும் ரெண்டு பக்கமும். ரெண்டு கரைக்கும் மென்று மென்று என்ட தாடை கழண்டு போச்சு."

வீட்டுக்கு நடந்தோம். அவர் என் பக்கத்தில் நடந்தார். பாதம் நேராக இருந்தது. அவரே சொன்னார், என்னைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டு.

"வாய்க்கால் திறந்த கையோட பாதம் திரும்பினது. இருந்து இறுக்கினன். ஒழும்பி நாலு எட்டு வெக்கல்ல, முதல் செல் விழுந்திச்சு. எல்லாரும் ஓடினவனுகள்." கொஞ்சம் நின்றார். "நானும் ஓடினன் மச்சான்."

தெருவிலேயே நின்று அழுதுவிட்டேன். எத்தனையோ பேருக்கு இரும்பு விற்றிருக்கிறேன். ஓடினேன் என்று ஒருவனும் வந்து சொன்னதில்லை.

வீட்டில் விளக்கேற்றியதும் கோதை வட்டாவை இழுத்து வைத்துக்கொண்டு புருஷனிடம் கையை நீட்டினாள். காலையிலிருந்து அவள் ஒரு வாய் வெற்றிலை போடவில்லை. அவர் மடியை அவிழ்த்து வெற்றிலையைக் கொடுத்தார், பாக்கைக் கொடுத்தார். பாக்குவெட்டியைத் துடைத்து மறுபடியும் மடியிலேயே செருகிக்கொண்டார்.

"வேற ஒண்டு வாங்கு புள்ள," என்றார். "இது இனி என்ட கால்."